மூலிகைத் தீவனப் பொடி: மூன்று பேட்ச் போட்டுப் பார்த்த பிறகு

காலையில் செட்டுக் கதவைத் திறந்ததும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும். கோழி வளர்க்க வந்த ஒன்பது வருஷத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. நல்ல எச்சம் திரண்டு, தலையில் கொஞ்சம் சுண்ணாம்பு வைத்த மாதிரி இருக்கும். அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர்க் கழிவு. அதற்குத் தனி வழி கிடையாது, எல்லாம் சேர்ந்தே வரும். அந்தத் திரட்சி குலைந்து தண்ணீராகவோ நுரையாகவோ தீவனம் அரைபடாமலோ வந்தால், உள்ளே குடல் சரியில்லை என்று அர்த்தம். இந்தப் பொடியையும் நான் அந்தத் தரையை வைத்துத்தான் மதிப்பிட்டேன். பாக்கெட்டின் மேல் அச்சடித்திருப்பதை அப்புறம்தான் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும், அதையும் சொல்கிறேன்.

ஒரு கிலோ பாக்கெட், பழுப்பு கலந்த மஞ்சள் பொடி. மஞ்சள், பூண்டு, ஓமம், கீழாநெல்லி, நிலவேம்பு, மிளகாய்ச் சாறு என்று பொருள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒரு டன் தீவனத்துக்கு ஒரு கிலோ, அதாவது 50 கிலோ மூட்டைக்கு 50 கிராம். கம்பெனிப் பெயரை இங்கே எழுதவில்லை. கிட்டத்தட்ட இதே கலவை பல பெயர்களில் விற்கிறது. நான் சொல்லப் போவது அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

நான் இதற்கு வந்த காரணம் எளிது. பேட்சுக்கு 400 கறிக்கோழிக் குஞ்சு இறக்குகிறேன். ஒவ்வொரு பேட்சிலும் மூன்றாவது வாரம் எச்சம் இளகும். இளகியதும் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்துவிடுவேன். இரண்டு நாளில் நிற்கும், பத்து நாளில் திரும்பும். எங்களுக்குப் பார்க்கிற கால்நடை மருத்துவர் ஒருநாள் என் அலமாரியில் இருந்த காலிப் புட்டிகளைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “இதை இப்படியே ஊத்திக்கிட்டு இருந்தா, நிஜமா நோய் வர்றப்ப கொடுக்க எதுவும் மிஞ்சாதும்மா” என்றார். அது மனதில் தைத்துவிட்டது. உலகம் முழுக்கவே இந்தப் பேச்சுதான் ஓடுகிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986-லேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் முழுதாகத் தடுத்துவிட்டது. மனிதர்களுக்கும் தேவைப்படுகிற ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பதை அமெரிக்கா 2017-இல் நிறுத்தியது. மூலிகைப் பொடிகள் இவ்வளவு வேகமாகக் கடைக்கு வந்தது அந்த இடத்தைப் பிடிக்கத்தான்.

பொடி உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரியாமல் போடக்கூடாது என்று அந்த மருத்துவரிடமே கேட்டேன். செத்த கோழி ஒன்றின் குடலை நீளவாக்கில் வெட்டி, தண்ணீர் நிரம்பிய தட்டில் விரித்துக் காட்டினார். உள்பக்கம் வெல்வெட் துணி மாதிரி இருந்தது. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத விரல்கள் லட்சக்கணக்கில் நிற்கின்றன, தீவனத்தின் சத்தை உறிஞ்சுவது அவைதான் என்றார். அந்த விரல்களுக்கு மேல் சளிப் படலம். அதில் நல்ல கிருமி குடியிருந்தால் கெட்டதற்கு இடம் கிடைக்காது. நர்மி என்ற பின்லாந்து ஆய்வாளரும் ரன்டாலாவும் 1973-இலேயே இதைக் காட்டிவிட்டார்களாம்: ஆரோக்கியமான பெரிய கோழியின் குடல் கிருமிகளைக் குஞ்சுக்குக் கொடுத்தபோது சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி எளிதில் ஒட்டவில்லை. இன்குபேட்டரில் பிறந்து தாயையே பார்க்காத நம் குஞ்சுகளுக்கு அந்தக் குடியிருப்பு தானாக அமைவதில்லை. முதல் வாரம் என்ன உள்ளே போகிறதோ அதுதான் குடியேறும்.

மூலிகை வருவது இந்த இடத்தில்தான். ஓமத்தில் தைமால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. அது பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கும். மஞ்சளில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு குர்குமின். அது ரத்தத்துக்குள் சுலபமாக ஏறாது, பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடும். நமக்கு வேலை ஆக வேண்டியதும் குடலில்தான் என்பதால் இங்கே அது குறையாகத் தெரியவில்லை. பூண்டின் அல்லிசின் நசுக்கினால்தான் பிறக்கும், பிறந்தாலும் நிலைத்து நிற்காது. அதனால் பழைய பாக்கெட்டில் பூண்டின் பங்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மிளகாய்ச் சாறு இருக்கிறதே, கோழி தீவனத்தை ஒதுக்காதா என்று என் மகன் கேட்டான். ஒதுக்கவில்லை. மிளகாயின் காரத்தை உணர்கிற நரம்பு ஏற்பி பறவைகளுக்கு அந்தக் காரத்தால் தூண்டப்படுவதில்லை என்று 2002-இல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மிளகாய்ப் பழத்தைப் பறவைகள் அலட்டாமல் கொத்தித் தின்பது அதனால்தான்.

சரி, கலக்குவதைப் பற்றி. பாக்கெட்டில் இதற்கு ஒரே வரி: “தீவனத்துடன் நன்கு கலக்கவும்.” இது போதவே போதாது. 50 கிலோவில் 50 கிராம் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூட்டையைக் கொட்டி மேலே தூவி மண்வெட்டியால் நாலு புரட்டு புரட்டினால் ஒரு கோழிக்குப் பத்து மடங்கு போகும், இன்னொன்றுக்கு ஒன்றுமே போகாது. நான் முதலில் செய்தது அதுதான். ஃபீடரில் சில இடம் மஞ்சளாகவும் சில இடம் வெளுத்தும் கிடந்தது, கண்ணாலேயே தெரிந்தது. இப்போது இப்படிச் செய்கிறேன்: 50 கிராம் பொடியை எடைத் தராசில் நிறுத்து, முதலில் அரை கிலோ மக்காச்சோள மாவில் கையால் பிசைந்து கலக்குவேன். நிறம் ஒரே சீரானதும் அதை இரண்டு கிலோவில், அதை எட்டு கிலோவில், அப்புறம்தான் முழு மூட்டையில். மாவோடு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விடுவேன். விடாவிட்டால் கோழி பெரிய குருணையைப் பொறுக்கித் தின்றுவிட்டு, பொடியைத் தட்டின் அடியிலேயே விட்டுவிடும். மாலையில் தட்டைக் கவிழ்த்தால் அடியில் மஞ்சள் தூசி கொட்டும். பொடி கோழிக்குள் போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. எண்ணெய் சேர்த்த பிறகு அந்தத் தூசி நின்றுவிட்டது. மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள், பொடி ரொம்ப நைசு, தொண்டையைப் பிடிக்கும்.

நான் தூள் தீவனம் சொந்தமாகக் கலக்குகிறவள் என்பதால் இது சாத்தியமானது. பெல்லட், அதாவது ஆலையில் அழுத்திப் பிழிந்த மணித் தீவனம், வாங்குகிறவர்களுக்கு இந்தப் பொடி சரிப்படாது. பெல்லட்டின் மேல் தூவினால் ஒட்டாது. ஆலையிலேயே கலக்கச் சொன்னாலும், பெல்லட் பிழிகிற சூட்டில், அது 80 டிகிரிக்கு மேல் போகும், ஓம எண்ணெய் மாதிரி ஆவியாகிற பொருள்கள் கொஞ்சம் பறந்துவிடும். கொழுப்புப் பூச்சு கொடுத்த எண்ணெய் மணிகள் தனியாக விற்கின்றன. அவை சூட்டையும் தாங்கும், மேல் குடலிலேயே உறிஞ்சப்பட்டுப் போகாமல் கீழ்க்குடல் வரைக்கும் போய்ச் சேரும். பெல்லட்காரர்கள் அதைப் பார்க்கலாம். இதே கம்பெனி தண்ணீரில் கலக்க ஒரு திரவமும் தருகிறது. மூன்று நாள் விட்டேன். நான்காம் நாள், கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கிற குழாய் முனைகளான நிப்பிளில் பிசுபிசுப்பு ஏறி, பதினோரு நிப்பிள் அடைத்துக்கொண்டது. வெயில் நேரத்தில் தண்ணீர் அடைத்தால் என்ன ஆகும் என்று கோழி வளர்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரவத்தை அன்றோடு விட்டேன்.

இனி முதல் பேட்சில் நடந்தது.

விற்றவர் என்னிடம் சொன்ன வார்த்தை, “இதைப் போட்டீங்கன்னா காக்சி கிட்டவே வராதுக்கா.” நான் நம்பினேன். காக்சி என்று நாம் சொல்கிற ரத்தக்கழிச்சல் பாக்டீரியாவால் வருவது கிடையாது, ஐமீரியா என்ற ஒட்டுண்ணியால் வருவது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். 24-ஆம் நாள் மழை. கிழக்கு மூலையில் ஒரு நிப்பிள் ஒழுகி, அதன் அடியில் தரையில் பரப்பியிருந்த கூளம் இரண்டு முழ அகலத்துக்கு நனைந்து கட்டி தட்டியிருந்தது. 27-ஆம் நாள் காலையில் அந்த மூலையில் ஏழெட்டுக் கோழி சிறகைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன. எச்சத்தில் சிவப்பு. குருட்டுக்குடல் எச்சம் காப்பிப்பொடி நிறத்தில், பசை மாதிரி, நாற்றத்தோடு நாளுக்குச் சில முறை வரும், அது இயல்பு. புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்தே பயந்துவிடுவார்கள். இது அது இல்லை. இது கசகசவென்று ரத்தம்.

அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் பொடியை இரண்டு மடங்காக்கினேன். அடுத்த நாளும் காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் ஆறு செத்துக் கிடந்தபோதுதான் போன் செய்தேன். அவர் வந்து ஒன்றை அறுத்தார். குடலின் கடைசியில் இரண்டு பையாகத் தொங்குகிற குருட்டுக்குடல்கள் வழக்கமாகப் பச்சை கலந்த பழுப்பாக இருக்கும். இவை விரல் பருமனுக்கு வீங்கி, கருஞ்சிவப்பாக, கத்தி பட்டதும் உறைந்த ரத்தம் கட்டியாக வழிந்தது. மேல் குடல் சுத்தமாக இருந்தது. “குருட்டுக்குடலை மட்டும் பிடிச்சிருக்கு, ஐமீரியாவுல டெனெல்லா வகைதான்” என்றார். பொடிப் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது குடலுக்குத் துணைம்மா. ரத்தம் வந்த பிறகு இது மருந்து ஆகாது. கண்ட அன்னிக்கே கூப்பிடுங்க” என்றார். தண்ணீரில் அம்ப்ரோலியம் எழுதிக் கொடுத்தார். அந்த மருந்து ஒட்டுண்ணிக்குப் போகிற பி1 வைட்டமினைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அதனால் நான் கொடுத்துக்கொண்டிருந்த பி காம்ப்ளெக்ஸை நிறுத்தச் சொன்னார். நனைந்த கூளத்தை வாரி வெளியே கொட்டினோம். மொத்தம் 19 கோழி போனது. இரண்டு நாள் முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் அதில் பாதியாவது நின்றிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பொடியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது செய்ய முடியாததைச் செய்யும் என்று சொல்லி விற்றதுதான் கோபம். எச்சத்தோடு வெளியே வருகிற ஐமீரியா முட்டை ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் இரண்டு நாளில் தொற்றுகிற நிலைக்கு வந்துவிடும். வழக்கமான கிருமிநாசினிகளில் பெரும்பாலானவை அதன் ஓட்டைத் துளைக்காது. கூளம் காய்ந்திருந்தால் அதற்கு வழியில்லை. ஒழுகுகிற நிப்பிளுக்கு வாஷர் மாற்றுவதைவிட நல்ல காக்சித் தடுப்பு எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் தொடர்ந்தேன் என்றால், அந்த மூலையைத் தவிர மீதிச் செட்டில் மூன்றாவது வாரம் எச்சம் இளகவில்லை. வருஷக்கணக்கில் இளகிக்கொண்டிருந்தது. அதனால் இரண்டாவது பேட்சில் செட்டை நடுவில் வலை கட்டிப் பிரித்தேன். 200 இந்தப் பக்கம், 200 அந்தப் பக்கம். ஒரே தீவனம், ஒரே தண்ணீர் லைன், ஒரு பக்கம் மட்டும் பொடி. தண்ணீரில் ஆன்டிபயாடிக் எந்தப் பக்கமும் இல்லை. 28-ஆம் நாள் நாலு இடத்தில் கூளத்தைக் கைப்பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தேன். பொடிப் பக்கம் விரலைத் திறந்ததும் உதிர்ந்தது. மறுபக்கம் இரண்டு இடத்தில் உருண்டையாக நின்றது. முட்டி போட்டு உட்கார்ந்தால் மறுபக்கம் கண் எரிந்தது, அமோனியா. கோழி மூச்சு விடுவது அந்த உயரத்தில்தான், நாம் நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. 35-ஆம் நாள் பக்கத்துக்கு 25 கோழி பிடித்து எடை போட்டோம். பொடிப் பக்கம் சராசரி 1.97 கிலோ, மறுபக்கம் 1.90. எடை போடும்போதே பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம்: அடியில் கருப்புப் புண் பொடிப் பக்கம் மூன்று கோழிக்கு, மறுபக்கம் எட்டுக்கு.

என் மகனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. பொடிப் பக்கம் என்று நான் பிரித்தது மேற்குப் பக்கம்; அங்கே காற்று நன்றாக வரும், கூளம் எப்போதுமே சீக்கிரம் காயும். அதனால் மூன்றாவது பேட்சில் பக்கத்தை மாற்றினேன், பொடி கிழக்குக்கு. எடை வித்தியாசம் குறைந்துவிட்டது, 1.95-ம் 1.92-ம். 25 கோழி எடையில் 30 கிராமை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எப்போதும் நசநசவென்று கிடக்கிற கிழக்குப் பக்கம் கைப்பிடியில் உதிர்ந்தது. அது எனக்குப் பெரிய விஷயம். எடை கூடும் என்று பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். எச்சம் திரளும், கூளம் காய்ந்திருக்கும், ஆன்டிபயாடிக் புட்டியைத் தேட வேண்டி வராது என்பதற்குத் தருவேன். மூன்றாவது பேட்ச் முழுக்க அலமாரி காலியாகவே இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பட்டியல் இருக்கிறது, எது எவ்வளவு என்று இல்லை. மஞ்சள் மலிவு, ஓமம் அப்படி இல்லை; அளவு போடாவிட்டால் நிறத்துக்கு மஞ்சளைக் கூட்டி மற்றதைக் குறைக்க வழி இருக்கிறது. மூன்றாவது பேட்சுக்கு வாங்கிய பாக்கெட்டைப் பிரித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. முதல் பாக்கெட்டைத் திறந்தபோது ஓம வாசம் மூக்கில் ஏறியது. இது வெறும் மஞ்சள் வாசம். தயாரித்த தேதியைப் பார்த்தேன், பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வாசம்தான் அந்த எண்ணெய், வாசம் போனால் எண்ணெயும் போயிற்று. எடை வித்தியாசம் குறைந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வாங்கும்போது தேதி பாருங்கள், ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக எடுங்கள், பிரித்ததும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையை முறுக்கி வைத்தால் போதாது. ஆய்வுச் சான்றிதழ் கேட்டேன், ஒவ்வொரு தொகுதிக்கும் எடுப்பதாகச் சொன்னார்கள், அனுப்பவில்லை. மூலிகை என்ற பெயரில் உள்ளே ஆன்டிபயாடிக்கையே கலந்து விற்றால் நமக்குத் தெரியவா போகிறது? அதனால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது முக்கியம்.

யாருக்குச் சொல்வேன்? குஞ்சு இறக்கிய முதல் பத்து நாளும், தீவனம் மாற்றுகிற நாட்களும், தடுப்பூசி போட்ட பிறகும் இதற்கு நல்ல பயன் இருக்கிறது. அந்த நாட்களில்தான் குடல் தடுமாறும். செலவு உறுத்தினால் பேட்ச் முழுக்கப் போடாமல் அந்த நாட்களுக்கு மட்டும் போடலாம், நான் இனி அப்படித்தான் செய்யப் போகிறேன். செட்டில் தண்ணீர் ஒழுகல் இருக்கிறவர்கள், தீவன மூட்டையில் பூஞ்சை வாடை அடிக்கிறவர்கள், முதலில் அதைச் சரி செய்யுங்கள். பூஞ்சை நஞ்சு ஈரலையும் குடலையும் சேர்த்து அரிக்கும், கீழாநெல்லியால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. குஞ்சு இறங்கிய மறுநாள் கழுத்தடியில் இருக்கிற தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் தீவனமும் தண்ணீரும் எட்டியிருக்கிறது. காலியாகவோ கல் மாதிரியோ இருக்கிற குஞ்சுக்கு எந்தப் பொடியும் போய்ச் சேராது.

நான்காவது பேட்ச் குஞ்சு வருகிற வியாழக்கிழமை இறங்குகிறது. புதிய பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன், தயாரித்து இரண்டு மாதம்தான் ஆகிறது, பிரித்ததும் ஓமம் வீடு முழுக்க மணத்தது. கிழக்கு மூலையில் நிப்பிள் பன்னிரண்டுக்கும் நேற்று வாஷர் மாற்றியாகிவிட்டது. மருத்துவரின் எண்ணைச் செட்டுக் கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.